கல்லி ஹவுஸ்: அரசிடம் கடனைக் கேட்ட சலவைத் தொழிலாளி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரில், ஊரார் துணிகளைத் துவைத்தும் தைத்தும் ஐந்து பிள்ளைகளை வளர்த்த ஒரு கைம்பெண்ணின் கடிதங்கள் 1899ஆம் ஆண்டு செப்டெம்பரில் தடுக்கப்பட்டன. தபால் திணைக்களம் அவர் நடத்திய சங்கத்தின் மீது மோசடித் தடை உத்தரவு பிறப்பித்திருந்தது. சங்கத்துக்கு வந்த உறைகள் மோசடி என்று முத்திரை குத்தப்பட்டு, அனுப்பியவர்களுக்கே திரும்பின. காசுக்கட்டளைகளை மாற்ற முடியவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் கல்லி ஹவுஸ். அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட வயோதிபர்களுக்கு அரசு ஓய்வூதியம் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்காக ஆட்களைச் சேர்த்தார். அவர் செய்தது அவ்வளவுதான்.

நான் சட்டம் படிக்கும் மாணவி. நிலைமாறுகால நீதி என்ற பாடத்தில் உண்மை, நீதி, இழப்பீடு, மீள நிகழாமை என்று நான்கு தூண்களை வரிசையாகப் படிப்போம். மூன்றாவது தூணுக்கு வரும்போது வகுப்பில் ஒரு சலிப்பு வந்துவிடும். வடக்கில் பிறந்த எங்களுக்கு நட்டஈடு என்ற சொல் படிவமாகவும் வரிசையாகவும் பழகிப்போன ஒன்று. அதனால்தான் வேறு தேசத்து, வேறு காலத்து வழக்கு ஒன்றை எடுத்துப் படிக்க நினைத்தேன். அமெரிக்க அடிமைமுறைக்கான இழப்பீட்டைத் தேர்ந்தேன். அந்தத் தேடலில் ஒரு வருடத்துக்கு மேலாக என்னோடு இருந்துவருபவர் கல்லி ஹவுஸ்.

கணக்கிலிருந்துதான் தொடங்கினேன். உள்நாட்டு யுத்தம் முடியும் தறுவாயில், 1865 ஜனவரியில், ஜெனரல் ஷேர்மன் தென்கிழக்குக் கரையோரக் காணிகளை விடுவிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார். குடும்பங்கள் குடியேறி விதைத்தன. அந்த வருடம் முடிவதற்குள் ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அந்த நிலங்களைப் பழைய சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்கும் வழியைத் திறந்துவிட்டார். விதைத்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இதை வாசிக்கும் எவருக்கும் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர், 1862 ஏப்ரலில், தலைநகர் வொஷிங்டனில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது ஆள் ஒருவருக்கு 300 டொலர் வரை நட்டஈடு கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் எசமானர்கள். பிரித்தானியா 1833இல் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை முடித்துவைக்க ஒதுக்கிய இரண்டு கோடி பவுணும் எசமானர்களுக்கே போனது. அதற்காகப் பட்ட கடனின் கடைசி மிச்சம் 2015இல்தான் அடைபட்டது. எங்கள் யாழ்ப்பாணமும் இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. சாதியின் பெயரால் அடிமைகளாகப் பதியப்பட்ட மனிதர்கள் இங்கேயும் இருந்தார்கள். 1821இல் அடிமைத் தாய்மாருக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளின் விடுதலைக்கென்று ஆங்கில அரசு நிர்ணயித்த சில்லறைத் தொகையும் சொந்தக்காரர் கைக்குத்தான் போனது. இலங்கையில் 1844இல் சட்டப்படி முடிவுக்கு வந்த அந்த முறையைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டியவர்கள் நாங்கள்தான்.

ஆக, இழப்பைக் கணக்கிட அரசுகளுக்குத் தெரியாமல் இருக்கவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று விலை போடவும், பதிவேடு வைத்துப் பணம் கொடுக்கவும் நன்றாகவே தெரிந்திருந்தது. இழந்தவர் யார் என்பதில்தான் சட்டத்தின் கண் வேறு பக்கம் பார்த்தது. கல்லி ஹவுஸ் அந்தக் கண்ணைத் திருப்ப முயன்றவர்.

அவர் 1861 அளவில் டென்னசியின் ரதர்போர்ட் கவுண்டியில் அடிமையாகப் பிறந்தார். பிறந்த வருடத்தை உறுதியாகச் சொல்ல முடியாமல் இருப்பதே அடிமைமுறையின் ஓர் அடையாளம். தாயும் துணி துவைத்துப் பிழைத்தவர். கல்லிக்கு ஆரம்பப் படிப்பு கொஞ்சம் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறை அது. 1883இல் வில்லியம் ஹவுஸ் என்ற தொழிலாளியைத் திருமணம் செய்தார். ஆறு பிள்ளைகள் பிறந்து ஐந்து பேர் பிழைத்தார்கள். கணவன் இறந்த பின்னர் சலவையும் தையலும்தான் குடும்பத்தைத் தாங்கின.

1890களில் ஒரு சிறு பிரசுரம் தென் மாநிலங்களில் கைமாறிக்கொண்டிருந்தது. வோல்டர் வோன் என்ற வெள்ளையரான பத்திரிகைக்காரர் எழுதியது. முன்னாள் அடிமைகளுக்கு, யுத்தத்தில் பங்கெடுத்த வடபகுதிப் படையினருக்குக் கொடுப்பதுபோல, மாத ஓய்வூதியம் கொடுக்க வேண்டும் என்றது அது. 1890இல் நெப்ராஸ்கா மாநில உறுப்பினர் ஒருவர் அதைச் சட்டமூலமாகக் காங்கிரசில் சமர்ப்பித்தும் இருந்தார். பின்னர் வந்த சட்டமூலங்களில் தொகைகள் வயதுப்படி வகுக்கப்பட்டிருந்தன: எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரே தடவையில் 500 டொலரும் மாதம் 15 டொலரும், அறுபதுகளில் இருப்பவர்களுக்கு 300 டொலரும் மாதம் 12 டொலரும் என்று இறங்கி, ஐம்பதுக்கு உட்பட்டவர்களுக்கு மாதம் நான்கு டொலரில் வந்து நின்றது.

வோன் ஒளிக்காமல் ஒரு விடயத்தைச் சொன்னார். கறுப்பின முதியவர்களிடம் போகும் பணம் அவர்களிடம் தங்காது. தென்பகுதிக் கடைகளிலும் சந்தைகளிலும் செலவாகி, யுத்தத்தில் நொடிந்துபோன வெள்ளையர் பொருளாதாரத்தைத் தூக்கிவிடும். அவருக்கு ஓய்வூதியம் ஒரு குழாய். தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. இந்தத் திட்டத்தை மனிதாபிமானம் என்று பாராட்டியவர்களும் இருந்தார்கள்.

கல்லி ஹவுஸ் அந்தப் பிரசுரத்தைப் படித்து, அதிலிருந்த தொகைகளை எடுத்துக்கொண்டார், நோக்கத்தை எடுக்கவில்லை. அவரது வாதம் இன்னொன்று. தோட்டங்களில் தலைமுறைகளாகக் கூலியில்லாமல் வேலை வாங்கப்பட்டது, அந்த உழைப்பில் நாடு செல்வம் சேர்த்தது, ஆகவே அது கொடுக்கப்படாத சம்பளம். படைவீரனின் ஓய்வூதியத்தை எவரும் பிச்சை என்று சொல்லவில்லை. 1890களில் அமெரிக்க மத்திய அரசின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஓய்வூதியங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. உழைத்துத் தேய்ந்த உடம்புக்கு அரசு மாதாமாதம் பணம் கொடுப்பது நடைமுறையில் இருந்த ஒன்று. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த இடத்தை நான் பல தடவை திரும்பிப் படித்தேன். எங்கள் ஊரில் நட்டஈடு, நிவாரணம், உதவி என்ற மூன்று சொற்களும் ஒன்றாகவே புழங்குகின்றன. உலர் உணவுப் பொதியும் தகரக் கூரையும் காணாமல் போனவருக்கான தொகையும் ஒரே வாயால் உதவி என்று சொல்லப்படுகின்றன. எங்கள் வீட்டிலும் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. மாமாவின் அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், முறைப்பாட்டுத் துண்டு எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு தடவை அம்மா அதைத் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். படிவத்தில் தொகைக்கு எதிரே எழுதியிருந்த சொல்லை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்தார். பக்கத்து வீட்டு அன்ரி கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பிள்ளைகளின் படிப்புச் செலவு இருந்தது. இருவரில் யார் சரி என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் தொகை ஒன்றாக இருந்தாலும் அதற்கு வைக்கும் பெயர் ஒரு மனிதரைக் கடன்காரராகவோ கையேந்துபவராகவோ ஆக்கிவிடுகிறது என்பதைச் சட்டப் புத்தகத்தைவிட நாஷ்விலின் சலவைத் தொழிலாளிதான் எனக்குத் தெளிவாகக் காட்டினார். கடன்காரர் என்று நான் சொல்வது கடன் கொடுத்தவரை. எங்கள் பேச்சில் அந்தச் சொல் இரண்டு பக்கமும் பாயும்.

ஐசாயா டிக்கர்சன் என்ற மதபோதகர் முன்பு வோனோடு வேலை செய்தவர். அவரும் கல்லி ஹவுஸும் சேர்ந்து முன்னாள் அடிமைகளுக்கான பரஸ்பர நிவாரண, கொடுப்பனவு, ஓய்வூதியச் சங்கத்தைக் கட்டினார்கள். 1898இல் நாஷ்வில் மாநாட்டில் அவர் உதவிச் செயலாளராகத் தெரிவானார். பதவிப் பெயர் சிறியது. ஓடித் திரிந்தவர் அவர். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தென் மாநிலங்கள் எங்கும் தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் பேசினார். கறுப்பினத்தவர்களைக் கும்பல்கள் மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. தெற்கில் அவர்களின் வாக்குரிமை ஒவ்வொரு மாநிலமாகப் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண் பயணம் செய்து, கூட்டம் கூட்டி, அரசுக்கு எதிராக அல்ல, அரசிடமே உரிமை கேட்கச் சொன்னார்.

சேர்வுப் பணம் 25 சதம். மாதச் சந்தா 10 சதம். அங்கத்தவர்கள் இலட்சக்கணக்கில் சேர்ந்தார்கள்.

அந்தப் பத்துச் சதத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சங்கம் இரண்டு வேலைகளைச் செய்தது. ஒன்று, சட்டமூலத்துக்காகக் காங்கிரசுக்கு மனுக்களை அனுப்புவது. மற்றையது உள்ளூர்க் கிளைகளின் வேலை: நோயில் விழுந்தவர்களைப் பார்ப்பது, வேலை செய்ய முடியாதவருக்குக் கைகொடுப்பது, இறந்தவரை முறையாக அடக்கம் செய்வது. 1865இல் முப்பது வயதாக இருந்தவருக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. வெட்டிய பருத்திக்கும் அறுத்த கரும்புக்கும் கூலி வராமலே அந்தத் தலைமுறை செத்துக்கொண்டிருந்தது. சட்டமூலம் நிறைவேறும்வரை அவர்களைப் பட்டினியில் விட முடியாது, அநாதையாகப் புதைக்கவும் முடியாது. ஒரு கையால் கடனைக் கேட்டுக்கொண்டு மறு கையால் ஒருவரையொருவர் தாங்கினார்கள். எங்கள் மரண உதவிச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

இழப்பீடு என்ற தலைப்பில் நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையைக் கடந்துபோய்விடுகின்றன. எனக்கு இதுதான் மையமாகப் படுகிறது. கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

அரசு என்ன செய்தது என்பது இன்னும் விசித்திரமானது. மூன்று திணைக்களங்கள் இந்தச் சலவைத் தொழிலாளியைப் பின்தொடர்ந்தன: தபால், ஓய்வூதியம், நீதி. அவர்களின் தர்க்கத்தை ஒரு சட்ட மாணவியாக வியப்போடு பார்க்கிறேன். முன்னாள் அடிமைகளுக்கு ஓய்வூதியம் கொடுக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் ஒருபோதும் நிறைவேற்றப்போவதில்லை. ஆகவே அது நிறைவேறும் என்று நம்பிக்கையூட்டி ஆட்களிடம் பணம் சேர்ப்பது மோசடி. தாங்கள் தரப்போவதில்லை என்ற தீர்மானத்தையே, கேட்பவரின் குற்றத்துக்கான சான்றாக்கினார்கள். ஏழைகளின் சிறுதொகைகளைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி, ஏழைகள் தங்கள் சொந்தச் சங்கத்துக்கு அனுப்பிய கடிதத்தைத் தடுத்தார்கள். முன்னாள் அடிமைகளை ஏமாற்றிப் பணம் பறித்த வேறு ஆட்கள் அக்காலத்தில் உண்மையிலேயே இருந்தார்கள். அவர்களையும் இவரையும் ஒரே கோப்பில் கட்டினார்கள்.

கல்லி ஹவுஸ் பதில் எழுதினார். அரசியலமைப்பு ஒவ்வொரு பிரசைக்கும் மனுக் கொடுக்கும் உரிமையைத் தந்திருக்கிறது என்று அதிகாரிகளுக்குச் சுட்டிக்காட்டினார். முன்னாள் அடிமைகளும் பிரசைகள்தான், கூடி ஒரு குறையை முறையிட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது அவரது நிலைப்பாடு. எழுத்துப் பிழைகள் உள்ள கடிதங்கள், தடுமாற்றமில்லாத கடிதங்கள். தடை விலகவில்லை. டிக்கர்சனை ஜோர்ஜியாவில் மோசடி வழக்கில் குற்றவாளியாக்கினார்கள். மேன்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. அவர் 1909இல் இறந்தார். கறுப்பினத் தலைவர்களும் பத்திரிகைகளும் பெரும்பாலும் ஒதுங்கி நின்றார்கள். கல்வியும் வாக்குரிமையும்தான் முக்கியம், நடக்காத விடயத்துக்காக முதியவர்களின் காசைச் செலவழிக்கக் கூடாது என்று அவர்களில் பலர் நினைத்தார்கள். படித்தவர்களுக்கும் பாமரருக்கும் இடையிலிருந்த அந்த இடைவெளியை நான் இலேசாகக் கடந்துவிட விரும்பவில்லை. கல்வியில் முன்னேறியவர்கள் எதிர்காலத்தைப் பார்த்தார்கள். சங்கத்தில் சேர்ந்த எழுபது வயதுக்காரருக்கு எதிர்காலம் என்று மிஞ்சியிருந்தது சில வருடங்கள்தான்.

காங்கிரஸ் அசையாது என்று ஆனபின்னர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. 1915இல் தாக்கலான அந்த வழக்குத்தான் என்னை முழுமையாகப் பிடித்துக்கொண்டது. 1862 முதல் 1868 வரை அமெரிக்க அரசு பருத்திக்கு ஒரு வரி அறவிட்டது. அப்படிச் சேர்ந்த தொகை ஏறத்தாழ 6 கோடி 80 இலட்சம் டொலர் என்று திறைசேரியின் கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் யார்? அவர்களுக்குக் கூலி கொடுக்கப்படவில்லை என்றால் அந்தப் பணத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு. நான்கு பேர் வழக்காளிகளாக, திறைசேரிச் செயலாளர் மக்கடூவை எதிராளியாக்கி, கோர்னேலியஸ் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சட்டத்தரணி வாதாடினார்.

ஓய்வூதியக் கோரிக்கையில் காங்கிரசின் மனம் இளக வேண்டியிருந்தது. இந்த வழக்கில் எவர் மனமும் இளகத் தேவையில்லை. இன்ன பணம், இன்ன வருடங்களில், இன்ன பொருளிலிருந்து, இன்ன பெட்டிக்குள் போனது, அதை எடுத்துத் தா என்று கேட்டார்கள். துயரத்துக்கு விலை போட முடியுமா என்ற கேள்விக்குள் எங்களைப் போன்ற மாணவர்கள் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, அவர்கள் துயரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வரவுப் பதிவேட்டைத் திறந்தார்கள். இந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் பிரமிப்பு.

நீதிமன்றம் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை. அரசு சம்மதிக்காமல் அரசின் மீது வழக்குப் போட முடியாது என்ற இறையாண்மை விலக்கைக் காட்டி 1916இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. 1917இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வழக்குக்குப் பதிலடியாகத்தான் கைது வந்தது என்று அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். திகதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. 1916இல் தபால் மூலம் மோசடி செய்ததாக அவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஓய்வூதியம் உறுதியாகிவிட்டது என்று நம்பவைத்துப் பணம் சேர்த்தாராம். அவர் வசதியாக வாழ்ந்ததாக ஒரு தடயமும் இல்லை. 1917இல் வெள்ளை ஆண்கள் மட்டுமே கொண்ட ஜூரி குற்றவாளி என்றது. ஒரு வருடமும் ஒரு நாளும் தண்டனை. மிசூரி மாநிலத்தின் ஜெபர்சன் சிட்டி சிறைக்கு அனுப்பப்பட்டார். பெண் கைதிகள் அங்கே துணி தைக்கும் வேலையில் அமர்த்தப்பட்டார்கள். புகழ்பெற்ற அரசியல் கைதியான எம்மா கோல்ட்மனும் 1918இல் அதே சிறையில் இருந்தார். கோல்ட்மனைப் பற்றி நூலகங்களில் அடுக்கடுக்காக நூல்கள் இருக்கின்றன.

1918 ஓகஸ்டில் விடுதலையாகி நாஷ்விலுக்குத் திரும்பிய கல்லி ஹவுஸ் மீண்டும் சலவைக்கும் தையலுக்கும் போனார். பத்து வருடங்கள் இப்படிப் போயின. 1928 ஜூன் 6 அன்று புற்றுநோயால் இறந்தார். மவுண்ட் அராரட் மயானத்தில் பெயர்க் கல் இல்லாத குழியில் புதைத்தார்கள். முன்னாள் அடிமைகளில் எவருக்கும் அந்த ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

இதற்குப் பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1988இல் அமெரிக்கக் காங்கிரஸ் இழப்பீட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரில் அப்போது உயிரோடிருந்தவர்களுக்கு மன்னிப்பும் தலா 20,000 டொலரும் அது கொடுத்தது. செய்ய முடியாத காரியம் என்ற வாதம் அதோடு செத்துவிட்டது. மறு வருடமே ஜோன் கொனியர்ஸ் என்ற உறுப்பினர் அடிமைமுறை இழப்பீட்டை ஆராய ஓர் ஆணைக்குழு கேட்டுச் சட்டமூலம் கொண்டுவந்தார். பின்னர் நாற்பது ஏக்கரின் நினைவாக அதற்கு நாற்பது என்று இலக்கம் வைத்தார்கள். பணமல்ல, ஆராய்வதற்கான ஆணைக்குழு மட்டும். அதுவும் இன்னும் நிறைவேறவில்லை. அங்கேயும் உயிரோடிருப்பவர் யார் என்ற கேள்விதான் வாசலில் நிற்கிறது. தாமதிக்கத் தாமதிக்கக் கோருபவர் குறைவர். அதன்பின் கோருபவர் இல்லை என்பதே பதிலாகிவிடும். வீதியோரக் கொட்டகைகளில் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்திருந்து இறந்துபோன தாய்மாரை அறிந்தவள் என்பதால் இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. அடிமைமுறையும் எங்கள் யுத்தமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. காலம் கடத்தும் முறை மட்டும் ஒன்றுபோல இருக்கிறது.

கல்லி ஹவுஸின் பெயர் பல தசாப்தங்கள் எங்கும் இல்லாமல் கிடந்தது. வரலாற்றாசிரியர் மேரி பிரான்சஸ் பெரி 2005இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறுதான் அவரைப் பரவலாக அறியச் செய்தது. இன்று நாஷ்விலின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்குகிறது. பெரிக்குத் தேவையான கடிதங்கள் எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? வொஷிங்டனிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில், அவரை வேவு பார்த்த ஓய்வூதியத் திணைக்களத்தின் கோப்புகளிலிருந்து. மோசடிக்கு ஆதாரம் என்று சேர்த்துவைத்த கட்டுகளுக்குள் அவரது கையெழுத்து அப்படியே இருந்தது.

அதே கோப்புகளில் சாதாரண முதியவர்கள் எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்கள் மற்றவர்களைக் கொண்டு எழுதுவித்தவையும் அவற்றில் உண்டு. சட்டமூலம் நிறைவேறிவிட்டதா, நான் எங்கே பதிய வேண்டும் என்று கேட்கிறார்கள். தங்கள் வயதைச் சொல்கிறார்கள். தங்களைச் சொந்தமாக வைத்திருந்தவரின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள்.